திறப்பு விழாவுக்குக் காத்திருந்த சூரியன்

குறிஞ்சிப்பிட்டியில் சூரியன் உதிப்பதற்கு யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும் என்று அதுவரை ஒருவருக்கும் தோன்றியதில்லை. அது தன்பாட்டில் வரும், தோட்டத்து மணலைக் காய்ச்சும், பின்னேரமானால் கடலுக்குள் இறங்கிவிடும். இந்த ஒழுங்கீனத்தைப் பார்த்து மனம் பொறுக்காத சிலர் கொழும்பில் இருந்திருக்கிறார்கள் போலும். யுத்தம் முடிந்து, நாடு முழுவதும் அபிவிருத்தி அபிவிருத்தி என்று அமளிப்பட்டுக்கொண்டிருந்த வருடங்களில், பாலாவிச் சந்தியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ‘மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி, பொருளாதார வளர்ச்சி, சுற்றாடல் ஆகியவற்றுக்கு இடையிலான தொடர்புகளை ஆராயும் பணியகம்’ வந்து சேர்ந்தது.

பெயர்ப்பலகையின் நீளம் வீட்டுக்குப் போதவில்லை. மிச்சம் பக்கத்துத் தேநீர்க் கடையின் நெற்றியில் ஏறி நின்றது. அதனால் சீமெந்து லொறிக்காரர்கள் கடையைத் தவறவிட்டுப் பணியகத்துப் படியேறிப் போய்ப் பிளேன் டீ கேட்டார்கள்.

உள்ளே வெயில் வராதபடி எல்லா யன்னல்களுக்கும் கனத்த திரை போட்டிருந்தார்கள். திரை போட்டதால் இருட்டு. இருட்டானதால் பகல் முழுவதும் விளக்கு. விளக்குகளின் சூட்டைத் தணிக்க ஏசி. அந்தக் குளிருக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பணிப்பாளர் விநாயகமூர்த்தி சூரிய சக்தியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார்.

யோசித்து யோசித்துக் கடைசியில் அவர் கண்டுபிடித்தது சாஹுல் ஹமீதை.

சாஹுல் ஹமீது சின்ன வெங்காயத் தோட்டக்காரர். நல்ல மனிதர், ஆனால் உத்தியோகத்தர் என்று யாரைக் கண்டாலும் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு எழும்பி நின்றுவிடுவார். கிராம சேவகரின் மோட்டார் சைக்கிள் தனியே நின்றால்கூட அதற்கும் ஒரு ஸலாம் வைப்பார் என்று அவருடைய பெண்சாதி ரம்ஸியா சொல்லுவாள். அவரிடம் மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணீர் மிசின் ஒன்று இருந்தது. அதைக் கிளப்பினால் கறுத்த புகை எழும்பி அயல் தோட்டக்காரர்கள் எல்லாரும் இருமுவார்கள். கொடியில் காயும் உடுப்பெல்லாம் எண்ணெய் மணக்கும். ஆனாலும் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரில் வெங்காயம் வரும். வெங்காயத்தில் ஒரு குடும்பம் ஓடியது.

பணிப்பாளர் ஆராய்ச்சி உதவியாளர் சாருமதியோடு தோட்டத்துக்கு வந்து, மிசினை மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்தார். நாலாவது பக்கம் புகை நின்றது.

“இந்தப் பிரதேசத்திலேயே அதிகம் புகைக்கும் மிசின் உங்களுடையதுதான்” என்று கைகொடுத்தார்.

சாஹுல் ஹமீதுக்குப் பெருமை தாங்கவில்லை. “எல்லாம் அல்லாஹ்ட கிருபை சேர். நான் என்ன செய்யணும்?”

“நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம். இப்போது நீங்கள்தான் ‘முன்னர்’. சூரியத் தகடு பொருத்திய பிறகு நீங்கள்தான் ‘பின்னர்’. நடுவில் நடப்பது ஆராய்ச்சி.”

கிடுகு வேலிக்கு அப்பால் நின்ற ரம்ஸியா, “நடுவுல வெங்காயத்துக்குத் தண்ணி ஊத்துறது ஆரு?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி ஆராய்ச்சியின் எல்லைக்குள் வரவில்லை என்று பணிப்பாளர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

மறு கிழமையே ஒரு லொறி வந்து பழைய மிசினை ஏற்றிக்கொண்டு போனது. அதற்குச் சாயம் பூசி, மாலை போட்டு, ‘நேற்று’ என்று எழுதிய பலகையைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கண்காட்சிகளில் வைக்கப்போவதாகச் சொன்னார்கள். அதே லொறியில் வந்திறங்கியவை கிணற்றடியில் நிமிர்ந்து நின்றன: நீல நிறத்தில் பளபளவென்று தகடுகள், புதிய மோட்டார், சிவப்புச் சுவிட்சு. சாஹுல் ஹமீது சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

“ஐயோ நானா, தொட்டிராதீங்க!” என்று சாருமதி ஓடிவந்தாள். “இன்னும் திறக்கல்ல.”

“என்னத்த மிஸ் திறக்கணும்? இதப் போட்டாத் தண்ணி வருந்தானே?”

“தண்ணி வரும். ஆனா பிரதம விருந்தினர் வந்து நாடா வெட்டணும்.”

“அவரு எப்ப வாறாரு?”

“திகதி கேட்டிருக்கிறம்” என்றாள் சாருமதி. அவளுக்கே அது வெட்கமாக இருந்திருக்க வேண்டும். சொல்லும்போது வெங்காயத்தைப் பார்க்காமல் வேலியைப் பார்த்தாள்.

அன்றைக்குப் பணிப்பாளர் இன்னொன்றையும் கவனித்துத் திடுக்கிட்டார். நாடா வெட்ட முன்னமே தகட்டின் மீது வெயில் விழுந்துகொண்டிருந்தது. “எல்லா வெயிலும் இப்போதே விழுந்துவிட்டால் பிரதம விருந்தினர் எதைத் திறந்து வைப்பார்?” என்று கேட்டார். எனவே பச்சைச் சீலை ஒன்று வாங்கித் தகடுகளைப் போர்த்தினார்கள். சீலை வந்ததும் காற்று வந்தது. குடாவில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலம் அது. கரையோரத்துக் காற்றாலைகள் தலை கிறுகிறுக்கச் சுற்றிக்கொண்டிருந்தன. சீலை பறந்து பறந்து எழும்பியது. சூரியனிடமிருந்து தகட்டைக் காப்பாற்றச் சீலை, காற்றிடமிருந்து சீலையைக் காப்பாற்ற ஓர் ஆள் என்று ஏற்பாடு விரிந்தது. கச்சானில் கடலுக்குப் போக முடியாமல் கரையில் குந்தியிருந்த இன்னாசிப்பிள்ளைக்கு அந்த வேலை கிடைத்தது. அவர் வலைக்குப் போடும் முடிச்சைப் போட்டுச் சீலையை இறுக்கிக் கட்டினார். கட்டிவிட்டு அதன் நிழலிலேயே பாயை விரித்தார்.

“பிஸ்மி செல்லி சுவிச்சப் போடுங்க” என்றாள் ரம்ஸியா புருஷனிடம். “நாம கிணறு வெட்டினதும் அப்பிடித்தான், வித்து வெச்சதும் அப்பிடித்தான். அத விட என்ன திறப்பு விழா?”

“திறக்க முந்திப் பாவிச்சா வேற ஊருக்குக் கொண்டு போயிருவாங்களாம் புள்ள. பழைய மிசினும் போச்சு. இதுவும் போனா நாம என்ன செய்யிற?”

பயம் அதுதான். அந்தப் போகத்து வெங்காயத்தில்தான் அடுத்த போகத்துக்கு வித்து எடுக்க வேண்டும். அடுத்த போகம் வரை வீடு நிமிர்ந்து நிற்பதும் அதில்தான். தண்ணீர் கிணற்றுக்குள் இருந்தது, அதை எடுக்கும் மோட்டார் கிணற்றடியில் இருந்தது, மோட்டாரை ஓட்டும் வெயில் தலைக்கு மேல் இருந்தது. எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் நடுவில் வாளியோடு நின்றார். தன் தோட்டத்தில் தானே களவு செய்யப் பயந்துகொண்டு நிற்கிற ஒரு மனிதரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

புருஷனும் பெண்சாதியும் கிணற்றிலிருந்து அள்ளி அள்ளி ஊற்றினார்கள். இன்னாசிப்பிள்ளையும் மனம் கேட்காமல், சீலையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, ஒரு வாளி பிடித்தார். மணல் தரை, ஊற்றியது எங்கே போனதென்று தெரியாது. கரையோரப் பாத்திகளின் தாள்கள் மஞ்சளித்து மடிந்தன.

பணிப்பாளர் இந்தக் காட்சியைப் பார்த்தபோது அவருடைய முகம் மலர்ந்தது.

“கையாலா இறைக்கிறீர்கள்? என்ன சாப்பிடுகிறீர்கள்?”

“சோறும் மீனாணமும் சேர்.”

“உயிர்த்திணிவு!” என்று பணிப்பாளர் கூவினார். “சாருமதி, குறித்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் பூச்சியம். தசைச் சக்தி, அதற்கு எரிபொருள் சோறு, சோறு மறுபடி விளையும். இந்தத் தோட்டம் நூறு வீதம் மீள்புதுப்பிக்கத்தக்க சக்தியில் இயங்குகிறது! நாங்கள் திறப்பு விழாவுக்கு முன்னமே வென்றுவிட்டோம்.”

“ஆனா சேர்” என்று சாருமதி மெல்லச் சொன்னாள், “வெங்காயம் வாடுது. இந்த முறை வருமானம் விழும்.”

பணிப்பாளர் கண்களை மூடித் திறந்தார். “அப்படியென்றால், மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி கூடக்கூட வளர்ச்சி குறைகிறது. குறுங்கால எதிர்மறைத் தொடர்பு. ஹமீது, இதில் நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. நெடுங்காலத்தில் இது நேராகிவிடும்.”

“நெடுங்காலம் எண்டா எப்ப சேர்?”

“வெங்காயத்தின் ஆயுளுக்கு அப்பால்” என்றார் பணிப்பாளர்.

சுற்றாடல் நிலைமையோ இன்னும் பிரமாதம். புகை இல்லை. வாடிய பாத்திக்குப் பசளை போடவில்லை, பூச்சி மருந்து அடிக்கவில்லை. பூச்சிகளே வேறு தோட்டம் பார்த்துப் போய்விட்டன. வெங்காயம் முழுவதும் செத்துவிட்டால் சுற்றாடல் முழுமை அடைந்துவிடும் என்று பணிப்பாளர் கணித்து, ‘சுற்றாடல் நேயத் தோட்டம்’ என்று அச்சடித்த, பளபளப்புத் தாள் ஒட்டிய சான்றிதழ் ஒன்றையும் கொடுத்தார். சாஹுல் ஹமீது அதை இரண்டு கையாலும் வாங்கினார். ரம்ஸியா அதை அடுப்பு விசிற வைத்துக்கொண்டாள். மட்டை உறுதியானது, நன்றாக விசிறியது.

இந்த நேரம் பார்த்து ஆடு குட்டி போட்டது. ஒன்றல்ல, மூன்று.

சாதாரண வீட்டில் இது சந்தோஷச் செய்தி. ஆராய்ச்சிக்கு உட்பட்ட வீட்டில் இது நெருக்கடி. திறப்பு விழாவுக்கு முன்னர் இந்தக் குடும்பத்தில் வளர்ச்சி எதுவும் ஏற்படக்கூடாது. ஏற்பட்டால் அது சூரிய சக்தியால் வந்ததென்று பிறகு எப்படிச் சொல்வது? பணிப்பாளர் அன்றைக்கே வாகனத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். டீசல் வாகனம், வாசலில் ஏசியோடு உறுமிக்கொண்டே நின்றது.

“இந்த ஆடு எந்தச் சக்தியால் குட்டி போட்டது?” என்று கேட்டார்.

“அதக் கெடாக்கிட்டத்தான் சேர் கேக்கணும்” என்றாள் ரம்ஸியா.

சாருமதி குனிந்து செருப்பைச் சரிசெய்தாள். சாஹுல் ஹமீது சாரத்தை இறக்கிவிட்டு, “மன்னிச்சுக்கங்க சேர், வேணுமெண்டு போடல்ல. அது வாயில்லா ஜீவன்” என்றார். பணிப்பாளர் பெருந்தன்மையாக ஒரு முடிவுக்கு வந்தார். திறப்பு விழா முடியும் வரையில் இந்தக் குட்டிகள் இன்னும் பிறக்காதவையாகக் கருதப்படும். அது அவர் வாயால் அறிவிக்கப்பட்ட வேளையில், பிறக்காத மூன்றும் அவருடைய கோட்டு நுனியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன.

கடைசியில் ஒருவாறு திகதி கிடைத்தது.

விழாவுக்கு முதல் நாள் மேடையை மறைக்கிறதென்று வேலியோரத்து முருங்கையைத் தறித்தார்கள். சுற்றாடல் பதாகை கட்ட வேறு இடம் இல்லையாம். விருந்தினர் வாகனங்கள் நிற்பதற்கு, வாடிப்போன பாத்திகளைத்தான் மிதிப்போம் என்று வாக்குத் தந்து, வாடாத இரண்டையும் சேர்த்து மிதித்தார்கள். ஒலிபெருக்கிக்கும் மின்விசிறிகளுக்கும் டீசல் ஜெனரேட்டர் வந்தது. மேடையின் வலப்பக்கம் பச்சைச் சீலை போர்த்திய தகடுகள். இடப்பக்கம் சாயம் பூசி மாலை போட்ட பழைய மிசின், கழுத்தில் ‘நேற்று’. ஊரை விட்டுப் போன உறவுக்காரன் திரும்பி வந்ததைப் போல இருந்தது சாஹுல் ஹமீதுக்கு. ஒருவரும் பார்க்காத நேரம் கிட்டப்போய் அதைத் தடவிக்கொடுத்தார்.

விழா காலையில் என்றார்கள். பிரதம விருந்தினருக்கு வரும் வழியெல்லாம் திறக்க வேண்டியவை இருந்தன. ஒரு பாலம், ஒரு பஸ் தரிப்பிடம், ஏற்கெனவே திறந்திருந்த ஒரு மலசலகூடம். உச்சி வெயில் அடித்தது; வெங்காயத்துக்கு வேண்டிய வெயிலெல்லாம் சீலைக்கு மேல் வீணாய்க் கொட்டியது. லுஹர் தொழுகை போனது, அஸர் தொழுகையும் போனது. ஜெனரேட்டர் விடாமல் ஓடியது. கதிரைகளில் ஆட்கள் தூங்கி விழுந்தார்கள். நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் புகைபோக்கிக்குப் பின்னால் வானம் சிவந்து, சூரியன் கடலுக்குள் இறங்கி முடிந்தபோது சைரன் சத்தம் கேட்டது. விருந்தினர் வந்துவிட்டார்.

பணிப்பாளர் விநாயகமூர்த்தி மேடையேறினார். அவர் நெடுநாள் காத்திருந்த பேச்சு அது.

“பெருமக்களே, வளர்ச்சி வேண்டுமென்றால் சக்தி வேண்டும். சக்தி கூடினால் சுற்றாடல் கெடும். சுற்றாடல் கெட்டால் வளர்ச்சி குன்றும். இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்காகவே எங்கள் பணியகம் உருவாக்கப்பட்டது. இன்றுவரை எங்கள் பணியகத்தில் பதவிகள் வளர்ந்திருக்கின்றன, வாகனங்கள் வளர்ந்திருக்கின்றன. ஆகவே வளர்ச்சி சாத்தியமே என்பதை நாங்கள் முதலில் எங்களில் நிரூபித்திருக்கிறோம். இனி மக்களுடைய முறை. நாங்கள் இன்றைய வெங்காயத்தைப் பார்ப்பவர்கள் அல்லர். இன்னும் பிறக்காத சந்ததிக்காக உழைப்பவர்கள். இந்தச் சூரியன் முழுவதும் இன்னும் பிறக்காத அந்தச் சந்ததிக்கே சொந்தம்!”

கைதட்டல் எழுந்தது. விருந்தினர் நாடாவை வெட்டினார். இன்னாசிப்பிள்ளை சீலையை உருவினார். விருந்தினர் சிவப்புச் சுவிட்சைப் போட்டுவிட்டு, படத்துக்காகக் குழாயின் கீழே இரு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றார்.

ஒன்றும் வரவில்லை.

விருந்தினர் சிரித்தபடியே நின்றார். படம் எடுப்பவரும் நின்றார். “சூரியன் போயிட்டுது சேர்” என்று சாருமதி காதில் சொன்ன பிறகுதான் பணிப்பாளருக்கு விளங்கியது. மேடையிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி சாஹுல் ஹமீதிடம் ஓடினார்.

“ஹமீது, உங்கள் ‘நேற்று’ ஓடுமா?”

“மண்ணெண்ணெய் ஊத்தினா ஓடும் சேர்.”

மண்ணெண்ணெய் ரம்ஸியாவின் குசினியில் இருந்தது. “வெங்காயத்துக்காகத்தான் தாறன். ஆர்ர மூஞ்சிக்காகவும் இல்ல” என்று சொல்லிப் போத்தலை நீட்டினாள். குழாயை மேடைக்குப் பின்னால் கொண்டுவந்து மாட்டினார்கள். சாஹுல் ஹமீது மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுற்றி இழுத்தார். மிசின் இருமியது, துப்பியது, பிறகு பழைய குரலில் அலறத் தொடங்கியது. கறுத்த புகை மேடையை மூடியது. அதற்குள்ளிருந்து விருந்தினரின் கைகளில் தண்ணீர் பாய்ந்தது.

பணிப்பாளர் புகைக்குள் ஒலிவாங்கியைத் தேடிப் பிடித்தார். “பாருங்கள்! சூரியன் மறைந்த பின்னரும் சூரிய சக்தி பாய்கிறது! இதைத்தான் நிலைபேறான அபிவிருத்தி என்கிறோம். சிலருக்குப் புகை தெரியலாம். அது ‘நேற்று’ எங்களிடமிருந்து விடைபெறும் புகை!” என்று இருமி இருமி முழங்கினார்.

சாஹுல் ஹமீதுக்கு அதொன்றும் காதில் விழவில்லை. தண்ணீர் வாய்க்காலில் இறங்கிப் பாத்திக்குள் போனது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, உத்தியோகத்தர்கள் நிற்கிறார்கள் என்பதையே மறந்து, ஈர மணலில் வெறுங்காலோடு ஒவ்வொரு பாத்தியாகத் திறந்துவிட்டுக்கொண்டு ஓடினார். கண்ணில் நீர் வந்தது. புகையால்தான் என்று முதலில் நினைத்தார். பிறகு இல்லையென்று தெரிந்தது. அவ்வளவு சந்தோஷம்.

“போதும், நிறுத்துங்கள், படம் எடுத்தாயிற்று” என்றார்கள்.

பாதித் தோட்டம் நனைந்திருந்தது. பாதி காய்ந்து கிடந்தது. மிசினை நிறுத்தி, மாலையை மறுபடி போட்டு, லொறியில் ஏற்றினார்கள். அடுத்த ஊரின் திறப்பு விழாவுக்கும் ‘நேற்று’ வேண்டுமாம். இன்னாசிப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சீலையை மறுபடி கட்டச் சொன்னார் பணிப்பாளர்.

“சேர், திறந்தாச்சுதானே?” என்றார் சாஹுல் ஹமீது.

“திறந்தாயிற்று. ஆனால் பாவனைக்கு விடவில்லை. திறப்பதற்கு விழா போதும், விடுவதற்குச் சுற்றறிக்கை வர வேண்டும். அதுவரைக்கும் நீங்கள் ‘பின்னர்’ ஆகவில்லை.”

எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கும் ரம்ஸியா அன்றைக்கு வாயே திறக்கவில்லை. நனையாத பாத்திகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அவள் ஏசியிருந்தால் சாஹுல் ஹமீது தாங்கியிருப்பார்.

விழாவோடு இன்னாசிப்பிள்ளையின் வேலையும் முடிந்துவிட்டது. அதை நீடிக்க வேண்டுமென்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, “நானா, நான் போட்டது வலை முடிச்சு. இழுத்தா இறுகும், உள்ளுக்குத் தள்ளினா கழண்டிரும். சும்மா ஒரு கதைக்குச் சொல்லுறன்” என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

மறுநாள் விடியலில் சுபஹுத் தொழுகை முடிந்து வந்த சாஹுல் ஹமீது நேரே கிணற்றடிக்குப் போனார். கச்சான் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. முடிச்சை இழுக்கவில்லை, தள்ளினார். அவர் செய்தது அவ்வளவுதான். மீதியைக் காற்று பார்த்துக்கொண்டது. பச்சைச் சீலை ஒரே எழும்பாக எழும்பி, கிணற்றைத் தாண்டி, பாத்தியைத் தாண்டி, தோட்டத்து எல்லையிலிருந்த முள் வேலியில் போய்ச் சிக்கியது. சூரியன் வேலிக்கு மேலே வரும் மட்டும் அவர் காத்திருந்தார். பிறகு, “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லிச் சுவிட்சைப் போட்டார்.

இருமல் இல்லை, அலறல் இல்லை, புகை இல்லை. சத்தமே கேட்காததால் பழுதாக்கிவிட்டேன் போல என்று பதறிப்போனார். அப்போது காலடியில் குளிர்ந்தது. காய்ந்த பாத்திகளை நோக்கித் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ரம்ஸியா குசினி வாசலில் வந்து நின்று, “இவ்வளவுதானா?” என்றாள்.

“இவ்வளவுதான் புள்ள” என்றார் அவர்.

மத்தியானம் சாருமதியின் அழைப்பு வந்தது. “நானா, தகட்டில சீலை இல்லையெண்டு ஆரோ சேருக்குச் சொல்லிட்டாங்க.”

சாஹுல் ஹமீது பழக்கதோஷத்தில் சாரத்தை இறக்கிவிட்டுத்தான் பதில் சொன்னார். “காத்து அடிச்சிட்டுப் போயிட்டுது மிஸ். காத்தும் அந்த மீள்புதுப்பிக்கத்தக்க சாதிதானே? சேர் அதுக்கிட்ட விளக்கம் கேக்கட்டும்.”

மறுமுனையில் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. “சரி நானா. ஆனா சீலையக் கொண்டுவந்து திரும்பக் கட்டச் சொல்லுறார். அது இப்ப எங்க?”

சாஹுல் ஹமீது வேலிப் பக்கம் பார்த்தார். முள்ளில் ஒரு முழம் பச்சைதான் மிச்சமிருந்தது. மூன்று ஆட்டுக்குட்டிகள் ஆளுக்கொரு நுனியில் மென்றுகொண்டிருந்தன.

“சேர்க்கிட்டச் செல்லுங்க மிஸ்” என்றார் அவர், முதல் தடவையாக ஓர் உத்தியோகத்தரிடம் சிரித்துக்கொண்டே. “அத இன்னும் பொறக்காத சந்ததி திண்டுக்கிட்டு இரிக்கு.”